பித்தளை நாக்கு

பாருங்க சார், நல்லாப் பாருங்க. கையை மட்டும் வைக்காதீங்க. கோயமுத்தூர்லேருந்து இதுக்காகவே பஸ் ஏறி வந்திருக்கீங்க, வேணாம்னு சொல்லலை. ஆனா வேர்வைக் கை பட்டா ஹேண்டில்பார் மங்கிடும். உங்களுக்குத் தெரியாததா, நீங்களும் நாலஞ்சு பழைய வண்டி வச்சிருக்கற ஆளுதானே. உக்காருங்க. மணி என்ன ஆச்சு? நாலேகாலா? அப்ப நேரம் இருக்கு.

ஹம்பர் சைக்கிள். ஐம்பத்து மூணாம் வருஷத்து வண்டி. முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கற போர்க்கைப் பாத்தீங்களா, பக்கத்துக்கு ரெண்டு ரெண்டு குழாயா எறங்குது. பிரேம் நம்பர் சீட்டுக்குக் கீழ இருக்கு. எங்கப்பா வாங்கின ரசீது பீரோவுல இருக்கு. ரெண்டும் ஒத்துப் போகும். அந்தக் கப்பு போன ஆகஸ்டு பதினஞ்சு பேரணியில கொடுத்தது. ‘பழமை மாறாத வண்டி’ன்னு போட்டிருக்கு பாருங்க. எழுபது வண்டி வந்துச்சு. முதல் பரிசு நமக்கு.

விக்கறதுக்கில்லை சார். போன்லயே சொன்னேன். ஏன்னு கேட்டா முழுசாச் சொல்லணும். பாதி சொன்னா என்னைக் கிறுக்கன்னு நினைச்சுக்கிட்டே பஸ் ஏறுவீங்க. ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். எனக்குப் பேய், ஆவி இதுலயெல்லாம் நம்பிக்கை கிடையாது. முப்பத்தஞ்சு வருஷம் மின்வாரியத்துல இருந்தவன். ஒரு சத்தம் வந்தா அதுக்கு ஒரு காரணம் இருக்கணும். ஏதாவது ஒரு நட்டு லூசா இருக்கணும். அவ்வளவுதான்.

எங்கப்பா தாலுகா ஆபீஸ் கிளார்க்கு. எங்க ரெண்டு பேரையும் இந்த வண்டியிலதான் ஸ்கூலுக்குக் கொண்டு விடுவார். முன் பார்ல நான், பின்னாடி கேரியர்ல அண்ணன். முன்னாடி உக்காந்தவன் நான். அதை ஞாபகம் வச்சுக்குங்க. பெல் அடிச்சவன் நான். ஆனா அண்ணனுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல பிட்டர் வேலை கிடைச்ச அன்னிக்கு அப்பா என்ன பண்ணார் தெரியுமா? வண்டியைத் தூக்கி அவர்கிட்ட கொடுத்துட்டார். ‘அவன் தூரம் போகணும்டா’ன்னார். எனக்கு அவரோட கைக்கடிகாரம். அது ஆறே மாசத்துல நின்னு போச்சு. அன்னிலேருந்து நான் வாட்சே கட்டறதில்லை.

அண்ணன் பேரு தாயுமானவன். அண்ணி பேரு மட்டுவார்குழலி. சிரிக்காதீங்க, மலைக்கோட்டை சாமிக்கும் அம்மனுக்கும் அதே பேருதான். இந்தப் பேர்ப் பொருத்தம் போதும்னு ஜாதகமே பாக்காமக் கட்டி வச்சாங்க. நல்ல பொருத்தம்தான், சும்மா சொல்லக் கூடாது. அண்ணிக்கு நாப்பது வயசுலயே கண்ணுல பிரஷர் வந்து, பார்வை கொஞ்சம் கொஞ்சமாப் போயிருச்சு. அண்ணன் ஒரு நாள் கூட முகம் சுளிச்சதில்லைன்னு சொல்லுவாங்க. நான் பாத்ததில்லை. எனக்கும் அவருக்கும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் பேச்சு. வண்டியால வந்த வினை.

பின்ன என்ன சார்? அப்பா வண்டிக்குப் பச்சைப் பெயிண்டு அடிச்சு வச்சிருந்தார் மனுசன். தங்கக் கோடு போட்ட கறுப்பு வண்டிக்குப் பச்சை! டிபன் கேரியர் மாட்டறதுக்கு ஹேண்டில்பார்ல ஒரு கொக்கி. அது போதாதுன்னு செயின் கவருக்குள்ளேருந்து ஒரு சத்தம். பெடல் ஒரு சுத்து வந்தா டொக். இன்னொரு சுத்து வந்தா டொக். வருஷக் கணக்கா டொக் டொக்னே ஓட்டினார். ‘ரயில் இஞ்சினையே கழட்டி மாட்டற ஆளு, சொந்த வண்டியில ஒரு சத்தத்தை நிறுத்தத் தெரியாதா?’ன்னு ஒரு தீபாவளிக்குக் கேட்டேன். சிரிச்சுக்கிட்டே அதிரசத்தை எடுத்து நீட்டினார்.

இன்னொண்ணும் உண்டு. வீடு நெருங்கினா எல்லாரும் பெடலை விட்டுட்டு வண்டியை அது பாட்டுக்கு உருள விடுவோம்ல? இவர் வாசல்படி வரைக்கும் மிதிச்சுக்கிட்டே வருவார். சைக்கிள் ஓட்டவே தெரியலைன்னு நினைச்சுக்குவேன்.

அவர் போயி ரெண்டரை வருஷம் ஆகுது. காரியமெல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு அண்ணியைப் பாக்கப் போனேன். சாயங்காலம் ஒர்க்‌ஷாப் சங்கு ஊதற நேரம். அண்ணி முன் ரூம்ல வண்டிக்குப் பக்கத்துல தரையில உக்காந்திருந்தாங்க. ஸ்டாண்டு போட்டு நிறுத்தின வண்டி. கையால பெடலைச் சுத்திக்கிட்டிருந்தாங்க. டொக். டொக். செயின் காய்ஞ்சு துரு ஏறிடக் கூடாதுன்னு சுத்தறாங்க போலன்னு நினைச்சேன். வண்டி மேல அக்கறை இருக்கே, பரவாயில்லைன்னு நினைச்சேன்.

‘அண்ணி, வண்டியை நான் கொண்டு போய்ச் சரி பண்ணித் தர்றேன்’னேன்.

‘அதுக்கு என்ன தம்பி, நல்லாத்தானே இருக்கு. இங்கயே நிக்கட்டுமே’ன்னாங்க.

‘ஒரே மாசம் அண்ணி. அப்பா வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே கொண்டு வந்து நிறுத்தறேன்.’

அண்ணி பெடலை இன்னொரு சுத்துச் சுத்தினாங்க. அப்புறம், ‘ஒரு மாசம்தானே?’ன்னாங்க. ஆமான்னேன். சொன்னேன், இல்லேங்கலை. ஆனா ஒரு மாசத்துல முடியற வேலையா இது? பழைய பிரேக் ராடுக்கே நாலு மாசம் அலைஞ்சேன். ஒன்றரை வருஷம் ஆயிருச்சு. நடுவுல அண்ணி மூணு தடவை போன் பண்ணாங்க. ‘ஆகிட்டே இருக்கு அண்ணி’ன்னேன். அதுல பொய் எதுவும் இல்லையே.

நம்ம ஆளுங்களுக்குள்ள ஒரு பேச்சு உண்டுல்ல சார், ஒரு வண்டியை எந்த வருஷத்துக்குக் கொண்டு போறதுன்னு. எனக்கு அதுல குழப்பமே இல்லை. ஐம்பத்து மூணு. அப்பா கடையிலேருந்து ஓட்டிக்கிட்டு வந்த நாள். அதுக்கப்புறம் ஒட்டினது, பூசினது, மாட்டினது எல்லாம் வெளிய போகணும். பச்சைப் பெயிண்டைச் சுரண்டினேன். கொக்கியை அறுத்தேன். கடைசியாச் செயின் கவரைக் கழட்டினேன். உள்ள பாத்தா பித்தளையில ஒரு சின்னத் தகடு. நாக்கு மாதிரி வளைச்சு, ரிவிட் அடிச்சு வச்சிருந்துச்சு. பல் சக்கரத்துல ஒரு குமிழ் ஆணி. சக்கரம் சுத்தும்போது ஆணி வந்து நாக்கைத் தட்டும், டொக். எவனோ அரைகுறை மெக்கானிக் எதுக்கோ வச்சிருக்கான்னு ரெண்டையும் பிடுங்கி எறிஞ்சேன். எறிஞ்சேன்னா, டப்பாவுலதான் போட்டேன். நம்ம மாதிரி ஆளுங்க எதைத்தான் தூக்கிப் போட்டிருக்கோம்?

மணி பாருங்க சார். நாலரையா? சரி.

கப்பு வாங்கின மறுநாள் வண்டியை அண்ணி வீட்டுக்கே ஓட்டிட்டுப் போனேன். திருப்பித் தரப் போகலை, காட்டப் போனேன். கண்ணு தெரியாதவங்க, வண்டியை அங்க நிறுத்தி என்ன பண்ணப் போறாங்க? வாசல்ல நின்னு பெல் அடிச்சேன். கதவு திறக்கலை. மறுபடி அடிச்சேன். ‘யாரு?’ன்னாங்க உள்ளேருந்து. ‘நான்தான் அண்ணி, செவந்தி. அப்பா வண்டி வந்திருக்கு, வந்து பாருங்க’ன்னேன்.

வந்தாங்க. கையால தடவினாங்க. ஹேண்டில்பாரு, கொக்கி இருந்த இடம், சீட்டு. குனிஞ்சு செயின் கவரை விரலால தட்டிப் பாத்தாங்க. ‘பெடலைச் சுத்துங்க தம்பி’ன்னாங்க. பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடிச்சுச் சுத்தினேன் பாருங்க, வெண்ணெய் மாதிரி சுத்துச்சு.

‘சத்தமே இல்லை, பாத்தீங்களா?’ன்னேன்.

‘ஆமா தம்பி. சத்தமே இல்லை’ன்னாங்க.

அவ்வளவுதான் சார். உள்ள போயிட்டாங்க. ஒரு வாய் காபி கிடையாது. ஒன்றரை வருஷம் உழைச்சிருக்கேன், நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை கிடையாது. பொறாமைன்னு நினைச்சேன். புருஷன் கெடுத்து வச்சதைக் கொழுந்தன் சரி பண்ணிட்டானேன்னு. ரொம்பக் கோவம் எனக்கு. வர்ற வழியெல்லாம் திட்டிக்கிட்டே வந்தேன்.

அன்னிக்குத்தான் முதல் தடவை கேட்டுச்சு. மேம்பாலம் இருக்குல்ல, அந்த இறக்கத்துல. பெடலை மிதிக்கவே இல்லை, கால் சும்மா இருக்கு, வண்டி தானா எறங்குது. டொக். டொக். டொக். மிதிக்காதப்ப பல் சக்கரம் சுத்தாது சார். அது சுத்தாம அந்தச் சத்தம் வரவே முடியாது. ஆணியும் இல்லை, நாக்கும் இல்லை. கீழ எறங்கி நிறுத்தினேன். நின்னுருச்சு. ஏறினேன். டொக்.

வீட்டுக்கு வந்து மொத்தமாக் கழட்டினேன். பால்ஸ் மாத்தினேன். கோன் மாத்தினேன். பெடல் ரெண்டையும் மாத்தினேன். நாலு தடவை கழட்டி மாட்டியிருப்பேன். ஓட்டிப் பாத்தா மறுபடி அதே சத்தம். அப்புறம் ஓட்டாமலே கேக்க ஆரம்பிச்சுச்சு. இங்க ஸ்டாண்டுல நிக்கும், நான் அந்த ரூம்ல டிபன் சாப்பிட்டுக்கிட்டிருப்பேன், சாயங்காலச் சங்கு ஊதும். ஊதி முடிச்ச கொஞ்ச நேரத்துல டொக். எங்க வீட்டுல சொல்றா, ‘எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க, காது டாக்டரைப் பாருங்க’ன்னு. பாத்தேன். வயசுக்கு அருமையான காதுன்னுட்டார். பயம்தான், மறைச்சு என்ன? சோறு எறங்கலை.

கடைசியில அண்ணனோட ஒர்க்‌ஷாப்புல இருந்த இருதயராஜ்னு ஒரு பிட்டர்கிட்ட வண்டியைக் கொண்டு போனேன். ரிட்டயர் ஆனவர். காதை வச்சு ரயில் இஞ்சின்ல கோளாறு சொல்லுவார்னு பேரு. பெடலைச் சுத்தினார். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டார். மறுபடி சுத்தினார்.

‘சத்தமே இல்லையேப்பா’ன்னார். அப்புறம் கவரைக் கழட்டச் சொன்னார். உள்ள பாத்துட்டு என்னை நிமிர்ந்து பாத்தார். ‘நாக்கு எங்க?’

‘எந்த நாக்கு?’

‘தாயு வச்ச நாக்கு. எங்கய்யா அது?’

அவர்தான் சொன்னார். அந்தக் காலத்துல சங்கு ஊதினா ஒர்க்‌ஷாப் கேட்டுலேருந்து ஆயிரக்கணக்குல சைக்கிள் வெளிய வரும், ரோடே தெரியாது. அண்ணி வாசல்ல செம்புல தண்ணியோட நிப்பாங்களாம். பார்வை போன புதுசுல ஒரு நாள் எவனோ வாசல்ல வண்டியை நிறுத்தி அட்ரஸ் கேக்க வந்திருக்கான். அண்ணி அண்ணன்னு நினைச்சு, ‘காலைக் கழுவிட்டு சட்டையைக் கழட்டுங்க, துவைக்கணும்’னுருக்காங்க. அவன் சிரிச்சிருக்கான். தெருவே சிரிச்சிருக்கு. அண்ணி மூணு நாள் வாசலுக்கு வரலை.

நாலாம் நாள் அண்ணன் பித்தளைத் தகட்டை எடுத்துக்கிட்டு உக்காந்தாராம். ஒரு தகட்டுல சத்தம் ரொம்பச் சன்னமா வந்துச்சுன்னு தூக்கிப் போட்டுட்டார். இன்னொண்ணு ஓவரா அதிர்ந்துச்சு. மூணாவது தகட்டுல சத்தம் சரியா வந்துச்சு. ஆயிரம் வண்டிக்கு நடுவுல தெருமுனையில வரும்போதே தெரியும். ‘நாங்கள்லாம் கேலி பண்ணுவோம். பெண்டாட்டிக்கு மணி கட்டின வண்டின்னு’ன்னார் இருதயராஜ். ‘ரிட்டயர் ஆன பின்னாடியும் சாயங்காலம் டீக்கடைக்கு வருவான். சங்கு ஊதற வரைக்கும் உக்காந்திருப்பான். ஊதினதும் எந்திரிச்சுப் போவான். அவ காத்துக்கிட்டிருப்பாடான்னு சொல்லுவான்.’

எனக்கு எப்படித் தெரியும் சார்? சொன்னாத்தானே தெரியும்? அந்தத் தீபாவளிக்கே சொல்லியிருக்கலாம்ல. அதிரசத்தை நீட்டினார். அண்ணியாவது சொல்லியிருக்கலாம். ‘இங்கயே நிக்கட்டுமே’ன்னாங்க, அதுக்கு மேல சொல்லலையே.

வந்து டப்பாவைக் கொட்டினேன். இருந்துச்சு. மூணு மணி நேரம் தேடினேன், ஆணியும் கிடைச்சுச்சு. நாக்கை வெளிச்சத்துல வச்சுப் பாத்தேன். ஓரம் பூரா அரம் போட்டு ராவியிருக்கார், கையில கீறாத அளவுக்கு. யாரும் பாக்காத இடத்துல இருக்கற தகட்டுக்கு இவ்வளவு வேலை. அதை வச்சவரை அரைகுறை மெக்கானிக்னு சொன்னவன் நான். அழுதேன் சார். அண்ணன் செத்தப்ப நான் அழலை.

ரெண்டையும் இருந்த இடத்துலயே மாட்டினேன். மறுநாள் சங்கு ஊதினதும் கிளம்பினேன். சும்மா டெஸ்ட் பண்ணிப் பாக்கத்தான். அண்ணி தெரு முனையில திரும்பினதுலேருந்து மிதிச்சுக்கிட்டே போனேன். டொக். டொக். வாசல்படி வரைக்கும் மிதிச்சேன். நான் பெல் அடிக்கலை சார். கூப்பிடலை. கதவு திறந்துச்சு.

செம்புல தண்ணியோட வந்தாங்க. படியில வச்சாங்க. முகத்தை ஒரு பக்கமாச் சாய்ச்சுக்கிட்டு நின்னாங்க.

‘ஏன் இவ்வளவு லேட்டு?’ன்னாங்க.

நான் என்ன சொல்றது? வாயைத் திறந்தா செவந்தின்னு தெரிஞ்சுரும். மூச்சை அடக்கிக்கிட்டு நின்னேன். அண்ணி தண்ணிச் சத்தத்துக்காகக் காத்துக்கிட்டு நிக்கறாங்கன்னு புரிஞ்சுச்சு. செம்பை எடுத்துக் காலைக் கழுவினேன். ‘காபி போடறேன்’னு உள்ள போனாங்க. அவ்வளவுதான், வண்டியைத் தோள்ல தூக்கிட்டேன். தள்ளிக்கிட்டு வந்தா டொக் வராது, தெரியும். ஆனா பின் சக்கரத்து ப்ரீவீல் டிக்டிக்குங்குமே. அண்ணி காதுக்கு அது போதும். அண்ணன் வந்த சத்தம் கேக்கலாம், போற சத்தம் கேக்கக் கூடாது சார். தெருமுனை வரைக்கும் தூக்கிக்கிட்டே வந்தேன். இருபது கிலோ.

எட்டு மாசம் ஆகுது. ஒரு நாள் விட்டதில்லை. மழைக்கும் போயிருக்கேன், ஜுரத்தோடவும் போயிருக்கேன். நான் போகாத சாயங்காலம் ஒண்ணு வந்துச்சுன்னா அண்ணன் ரெண்டாவது தடவை செத்த மாதிரி ஆயிரும்ல? இதை எப்படி சார் உங்களுக்கு விக்கறது? அங்கயே கொண்டு போய் விட்டுரலாம்னும் நினைச்சேன். விட்டா யார் மிதிப்பா?

சாப்பிடறப்ப கேட்ட சத்தம் நின்னு போச்சு. முதல் நாள் போயிட்டு வந்ததோட சரி. ஆனா போன வாரம் ஒண்ணு நடந்துச்சு. அதையும் சொல்லிடறேன். தெருவுல திரும்பினேன், முட்டி சுரீர்னு பிடிச்சுக்கிச்சு. தூக்கித் தூக்கி வந்த வலி. மிதிக்க முடியலை. காலைத் தொங்கப் போட்டுட்டேன். சத்தம் நிக்கலை. டொக், டொக்னு வாசல் வரைக்கும் ஒரே சீரா வந்துச்சு. வண்டி பின் பக்கம் கனமா இருந்துச்சு சார், கேரியர்ல ஆள் உக்காந்த மாதிரி. நான் திரும்பிப் பாக்கலை. பின் சக்கரத்துல காத்து கம்மியா இருந்திருக்கும். நாக்கும் கொஞ்சம் லூசாகியிருக்கும். இறுக்கி வச்சிருக்கேன்.

அண்ணிக்கும் வயசாயிருச்சு, ஞாபகம் குழம்புது பாவம். அன்னிக்குச் செம்பை வச்சுட்டு, ‘முட்டிக்கு ஆகாது, கனம் தூக்காதீங்க’ன்னாங்க. அண்ணனுக்கு முட்டி வலியே கிடையாது சார். ஒர்க்‌ஷாப்புல கனம் தூக்கின காலம்னு நினைச்சுக்கிட்டாங்க போல. நேத்து செம்புக்குப் பக்கத்துல ஒரு தைல பாட்டில். அண்ணன் தைல வாசனையே ஆகாதுன்னு சொல்ற மனுசன், அது கூட மறந்து போச்சு அவங்களுக்கு. அதுக்கும் பக்கத்துல ஒரு டம்ளர் காபி. சீனி கம்மியாப் போட்டிருந்துச்சு. எனக்குச் சுகர் இருக்கறதால சரியாப் போச்சு, குடிச்சுட்டு வந்தேன். தைலமும் நல்லாத்தான் கேக்குது.

சங்கு. கேட்டுச்சா சார்? நான் கிளம்பறேன். கொஞ்சம் தள்ளுங்க, வண்டியை வெளிய எடுக்கணும். கேட்டை இழுத்துச் சாத்திட்டுப் போங்க. லேட்டாப் போனா ஏன்னு கேப்பாங்க, எனக்குப் பதில் சொல்ல வாய் கிடையாது.